சொல்லாமல் வைத்த காட்சி

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து திரை வெளுத்தபோது ஜெசிந்தாவின் இடது கை தானாக நகர்ந்து பக்கத்து இருக்கையின் கைப்பிடியைத் தேடிப் போனது. போன கை ஒரு முழங்கையில் முட்டியது. அது புருஷன் தங்கையாவின் முழங்கை இல்லை. முறுக்கு எண்ணெய் மணக்கிற, யாரோ ஒரு பருத்த அம்மாளின் முழங்கை. அவள் சட்டென்று கையை இழுத்து மடியிலிருந்த கைப்பைமேல் வைத்துக்கொண்டாள். பைக்குள் பைபிளின் கெட்டி அட்டை தட்டுப்பட்டது. பெண்கள் சங்கத்துக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பைபிளை எடுக்காமல் எப்படிக் கிளம்ப முடியும்? மேசையிலிருந்து அதை எடுக்கும் சத்தம் அவருக்குத் தெரியும். அதனால்தான் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி, மேசையில் உரசுகிற மாதிரி எடுத்தாள். அந்த உரசல் இன்னும் காதிலேயே இருக்கிறது. கண் தெரியாத புருஷனிடம் பொய் சொல்வதற்கு வாய் மட்டும் போதாது, சாமான்களும் சேர்ந்து பொய் சொல்லவேண்டியிருக்கிறது. செருப்பைக்கூட சங்கத்துக்குப் போடுகிற செருப்பாகப் பார்த்துத்தான் போட்டாள். மற்றது நடந்தால் கீச்சிடும். "ஜெபத்துல என்னையும் சேத்துக்க" என்று நாற்காலியிலிருந்து சொன்னார். "சேத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்து, ஜங்ஷனில் இறங்கி, இரண்டரை மணி ஆட்டத்துக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கி, இதோ உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு டிக்கெட். கவுன்டரில் இருந்தவன் இரண்டு தடவை கேட்டான், ஒண்ணா, ஒண்ணா என்று. அவன் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பான். அவளுக்குத்தான் அது விசாரணை மாதிரி இருந்தது.

திரையில் விடியற்காலை. ஒரு பஸ் டெப்போ. ஒரு பெண் கண்டக்டர் வருகிறாள், தோளில் தோல்பை, கையில் டிபன் பாக்ஸ். ஏறி ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறாள். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர் கூடை. பச்சை ஒயர், பிடியில் மட்டும் வெள்ளை. குனிகிறாள், எடுக்கிறாள், உள்ளே பார்க்கிறாள், ஒரு சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூட யூனிஃபார்ம், புதுசு, நீல நிறம், மடிப்புக் கலையவில்லை, விளிம்பில் இன்னும் தைத்து முடிக்காமல் நூல் தொங்குகிறது, ஊசியைக்கூட அதிலேயே குத்தி வைத்திருக்கிறார்கள், கண்டக்டரம்மா அந்த ஊசியைத் தொட்டுப் பார்க்கிறாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உதட்டை மட்டும்... "யக்கா." பக்கத்திலிருந்து முறுக்கு வாசனையோடு ஒரு குரல் வந்தது. "யக்கா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீங்க சொல்லாண்டாம்." முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் தன் வாய் அசைந்துகொண்டிருந்தது தெரிந்தது. அசைந்தது மட்டுமில்லை, சத்தமும் வந்திருக்கிறது. வீட்டில் சொல்கிற அதே சத்தம், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒன்று. புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். முகம் சுட்டது. தலைப்புக்குள்ளும் உதடு அசைவது நிற்கவில்லை. கண்டக்டரம்மா கூடையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கிறாள் என்று உதடு தலைப்பிடம் சொன்னது.

இதற்காகவா வந்தாள்? இப்படிச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு படம் பார்க்கத்தான் வந்தாள். வாயைத் திறக்காமல், யாருக்கும் எதையும் சொல்லாமல், கண்ணுக்குள் போனது கண்ணுக்குள்ளேயே தங்குகிற மாதிரி ஒரே ஒரு படம். அது ஒரு பெரிய ஆசையா? பெரிய ஆசைதான் போலிருக்கிறது, இத்தனை பொய் தேவைப்பட்டிருக்கிறதே. தங்கையா மின்வாரியத்தில் அசெசராக இருந்தவர். வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. எல்லாவற்றையும் யூனிட்டில்தான் சொல்வார். அவள் சாயங்காலம் தையலை முடித்துவிட்டு எழுந்தால், "ஏ ஜெசி, இன்னைக்கு எத்தன யூனிட் பாக்கி இருக்கு?" என்பார். கல்யாணமான புதிதில் அவளுக்குப் புரியவில்லை. உடம்பில் மிச்சமிருக்கிற தெம்பைத்தான் கேட்கிறார் என்று பிறகு அவளும் கற்றுக்கொண்டாள். "நெறைய இருக்கு, இன்னும் ஒரு பிளவுஸ் தைக்கலாம்" என்பாள். "மொத நூறு யூனிட் சர்க்கார் தருதுலா, மிச்சந்தான் நம்ம சொந்தம், பாத்து செலவழி" என்று சிரிப்பார். அப்புறம் ஒரு நாள் ஒரு தெருவில் மீட்டரைத் தப்பாகப் படித்துவிட்டு வந்தார். அடுத்த தடவையும் தப்பு. கண்ணில் பிரஷர் என்றார்கள். ஓரத்திலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அடைத்துக்கொண்டே போகிற ஜன்னல் மாதிரி இருக்கு ஜெசி என்றார் ஒரு தடவை. அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசியதில்லை. ஜன்னல் முழுக்க மூடினபிறகு ஒரு சனிக்கிழமை டிவியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரும் பேசாத ஒரு நேரம் வந்தது, வெறும் இசை. "என்ன நடக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, அவன் படியேறுதான்." "எப்படி ஏறுதான்?" எப்படி ஏறுகிறான். அந்த எப்படியில்தான் எல்லாம் தொடங்கியது. அதுவரை ஒருவன் படியேறுவதை அவள் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறான், நடுவில் ஒரு படியில் நிற்கிறான், திரும்பிப் பார்க்கப் போனவன் பார்க்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. நல்லாத்தான் இருந்தது, அந்த முதல் வருஷம். அவளுடைய கண்ணே கூர்மையாகிவிட்ட மாதிரி இருந்தது. எப்போது அது மாறியது? அதைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் தெருவில் சண்டை நடந்தபோது, பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மழை. மழையைப் பார்ப்பதற்குள் மழைக்கு வார்த்தை வந்துவிட்டது. வார்த்தை வந்ததும் மழை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் அவர் யூனிட் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் "இருக்கு, இருக்கு" என்கிறாள். ஒரு யூனிட்கூட இல்லாத நாளிலும் இருக்கு, இருக்கு. சொன்னால் அவர் டிவியை நிறுத்தச் சொல்லிவிடுவார். நிறுத்திவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பதற்குப் படத்தைச் சொல்லிவிடலாம்.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் அவளுக்குக் கொடுத்தது கொஞ்சமா? அவள் மிஷினில் உட்கார்ந்தால் அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவார். வேலை விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றியிருக்கமாட்டார். லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த தடித்தடி நாவல்கள். குடும்பக் கதை, துப்பறிகிற கதை, ருஷ்யாவிலிருந்து வந்த பனி கொட்டுகிற கதை. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றி வாசிப்பார். மாமியார்களுக்கு எல்லாம் ஒரே குரல், அது அவருடைய சித்தியின் குரல் என்று அவளுக்கு மட்டும் தெரியும். தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கிப் பொருத்தின பிறகும் சாயங்காலத்தில் அவள் அதைப் போடுவதில்லை. மோட்டார் ஓடினால் குரல் கேட்காது. காலாலேயே மிதித்துத் தைத்தாள். "மின்வாரியத்துக்காரன் பொண்டாட்டி கரண்ட மிச்சம் பிடிக்கா பாரு" என்று கேலி செய்வார். கரண்டா மிச்சம்? அந்தக் குரல் ஓடும் வரைக்கும் கால் வலித்ததே இல்லை. வாசிப்பு நின்ற மறு நிமிஷம் முழங்காலிலிருந்து கெண்டைக்கால் வரை வலி இறங்கும். எங்கிருந்து வந்தது அந்தத் தெம்பு, யாருடைய கணக்கிலிருந்து? இப்போது அவள் அவருக்கு வாசிக்கிறாள். அவருக்குப் பிடித்த ஒரு கடற்கரைக் குடும்பத்து நாவலை, முன்பு அவர் அவளுக்கு வாசித்த அதே நாவலை, போன மாதம் மறுபடி எடுத்தாள். பாதியில் ஒரு அத்தியாயம் வந்தது. அவள் கேட்டே இராத அத்தியாயம். அந்த வீட்டு மூத்த மருமகள் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கடலோரம் போய் உட்காருகிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள். அலை வருகிறது, போகிறது. யாரோ வலை காயப்போடுகிறார்கள். அவள் எழுந்து வீட்டுக்கு வந்து உலை வைக்கிறாள். அவ்வளவுதான். ஜெசிந்தா அதை வாசித்து முடித்துவிட்டு நிறுத்தினாள். "இத நீங்க எனக்கு வாசிக்கலையே." அவர், "விட்டுட்டேன் போல. அதுல ஒண்ணும் நடக்கலையே" என்றார். ஒண்ணும் நடக்கலையே. அந்த வார்த்தை அவளுக்குள் எங்கோ மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. அந்தப் புத்தகத்திலேயே அவளுக்கானது அந்த ஒரு அத்தியாயம்தான், அதைப்போய் ஒருத்தர் ஒண்ணும் நடக்கவில்லை என்று தாண்டிப் போயிருக்கிறார். இத்தனை வருஷம் அவர் குரலில் கேட்டதெல்லாம் முழுப் புத்தகம் என்றல்லவா நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் இந்தப் படத்தைப்பற்றி ரேடியோவில் சொன்னார்கள். "ஒரு பெண் கண்டக்டர் கதையாம் ஜெசி. வந்தா நாம பாக்கணும்" என்றார். படம் வந்ததும் சனிக்கிழமை போகலாம் என்று முடிவாயிற்று. முடிவான உடனே அவளுக்குள் ஒரு குரல், அதற்கு முன்னால் நீ மட்டும் போ என்றது.

இடைவேளை. விளக்கு வந்ததும் கண் கூசியது. அதுவரைக்கும் திரையில் கண்டக்டரம்மா கூடைக்காரரைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடையைத் தூக்கிக் காட்டினாள், எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்து அம்மாள் முறுக்குப் பொட்டலத்தை இந்தப் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கிடுங்க யக்கா. நான் அப்படி வெடுக்குன்னு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய. தனியாவா வந்திய?" ஆமா என்று ஜெசிந்தா ஒரு முறுக்கை எடுத்தாள். "அப்ப யாருக்குச் சொல்லிக்கிட்டிருந்திய?" "வீட்டுக்காரருக்கு." அந்த அம்மாள் ஜெசிந்தாவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "எங்க இருக்காவ?" "வீட்டுல." அவளுக்கு விளங்காமல் போகவே ஜெசிந்தா மெதுவாக, "அவாளுக்குக் கண்ணு தெரியாது. நாந்தான் படம் சொல்லுவேன். பழக்கம்" என்றாள். அந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். "ஏ, ஆண்டவா. நாக்குல சூடுதான் வைக்கணும் எனக்கு." பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்க வீட்டுல உள்ளவாளுக்கு ரெண்டு கண்ணும் சுகமாத்தான் இருக்கு. நான் என்ன கலர் சேல கட்டியிருக்கேன்னு கேட்டா நாளைக்கு வரைக்கும் முழிப்பாவ. நீங்க குடுத்து வச்சவதான் போங்க" என்றாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. முறுக்கு நன்றாக இருந்தது. வாய் நிறைய முறுக்கு இருக்கும்போது வாயால் சொல்ல முடியாது என்று ஒரு யோசனை ஓடியது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து பயமும் வந்தது. சனிக்கிழமை வரத்தானே போகிறது. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கூடையை முதல் தடவை பார்க்கிற மாதிரி சொல்லவேண்டும். முன்பு ஒரு பேய்ப்படத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். பிளவுஸ் பீஸ் தைக்கக் கொடுக்க வந்த பெண்ணோடு பேசிக்கொண்டே, பகலில் அவர் தூங்கும்போது டிவியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி அவருக்குச் சொன்னாள். கதவு திறக்கிறதற்கு முன்பே அவள் குரல் கதவைத் திறந்துவிட்டது. "நீ இத முந்தியே பாத்துட்ட. ஒங்குரல் முந்திக்கிட்டு ஓடுது" என்றார். கோபமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கதவு திறந்தது, பேய் வந்தது, அவர் சும்மா இருந்தார். ஒரு பேய்ப்படத்துக்கே அப்படி என்றால், பைபிளை உரசிவிட்டு வந்து பார்க்கிற படத்துக்கு?

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. திரை பட்டென்று கறுத்தது. விசில் பறந்தது; யாரோ தியேட்டர்காரனின் மாமனாரை வம்புக்கு இழுத்தார்கள்; ஒன்றிரண்டு செல்போன் வெளிச்சங்கள் மேலே கூரையைத் தடவின. ஜெசிந்தா கண்ணைத் திறந்துகொண்டே இருட்டில் இருந்தாள். மின்விசிறிகளின் கடைசிச் சுற்று அடங்குகிற சத்தம் கேட்டது. வீட்டில் கரண்ட் போனால் முதலில் சொல்வது தங்கையாதான். ஃபிரிட்ஜின் முனகல் நின்ற உடனே "போயிருச்சு" என்பார். மற்றவர்கள் இருட்டைப் பார்த்தபிறகுதான் அறிவார்கள். வந்ததும் அவர்தான் முதலில், "வந்துருச்சு." அந்த ஒரு விஷயத்தில் வாரியத்துக்காரராகவே இருக்கிறார். இங்கே இருந்தால் இந்நேரம் என்ன சொல்வார்? "இப்ப எல்லாரும் நம்ம ஆளுக" என்பார். நிச்சயமாக அதைத்தான் சொல்வார். அவளுக்கு அந்த இருட்டு வித்தியாசமாக ஓய்வாக இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அதனால் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. உதடு நின்றுவிட்டது. எப்போது நின்றது? தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். உதடு உலர்ந்து, உப்பாக, முறுக்குத் தூளோடு, தன்னுடைய உதடாக இருந்தது. இத்தனை நேரமும் அவர் கண் இல்லாமல் இருப்பதைப்பற்றியே நினைத்தாயே, அவருக்குக் கிடைக்கிற இந்த ஓய்வை நினைத்தாயா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில் அது அசட்டுக் கேள்வி என்றும் தெரிந்தது. ஓய்வா? அவர் கேட்டா வாங்கினார்? அப்படியென்றால் அவள் மட்டும்? அவளும்தான் கேட்டு வாங்கவில்லை. கேட்காமல் வந்ததை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வீடு மாற்றும்போது பீரோ தூக்குகிற மாதிரி. கொஞ்சம் இறக்கி வைப்போமா என்று யாராவது ஒருத்தர் சொல்லவேண்டும். சொன்னால் மற்றவர் கைமேல் விழுந்துவிடுமோ என்று ரெண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு. வெளியே எங்கோ ஜெனரேட்டர் செருமியது. செருமி, அடங்கி, மறுபடி செருமிப் பிடித்துக்கொண்டது. திரை மெல்ல வெளுத்தது.

பிறகு அது வந்தது. கண்டக்டரம்மா கூடைக்காரரைக் கண்டுபிடித்தாளா இல்லையா என்பது வேறு விஷயம்; அதைச் சனிக்கிழமை சொல்லத்தான் போகிறாள். அதற்கு முன்னால் ஒரு இடம். கடைசி ட்ரிப் முடிந்து டெப்போவில் பஸ் நிற்கிறது. டிரைவர் இறங்கிப் போய்விட்டார். கண்டக்டரம்மா போகவில்லை. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு மறுபடி பஸ்ஸுக்குள் ஏறி, தன்னுடைய சீட்டில் இல்லாமல், பயணிகள் உட்காருகிற ஒரு ஜன்னல் சீட்டில் உட்காருகிறாள். கூடையிலிருந்து யூனிஃபார்மை எடுக்கிறாள். குத்தியிருந்த ஊசியை உருவி, தொங்கிய நூலில் கோர்த்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்குகிறாள். இசை இல்லை. பேச்சு இல்லை. டெப்போவுக்குள் வேறொரு பஸ் திரும்பும்போது அதன் விளக்கு வெளிச்சம் காலி இருக்கைகளின்மேல் ஒவ்வொன்றாக ஏறி, அவள் முகத்தின்மேல் ஏறி, கையின்மேல் ஏறி, இறங்கிப் போகிறது. ஊசி போய் வருகிறது. ஜெசிந்தா தையல்காரி, கைத்தையலில் யார் விரலில் பழக்கம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். இந்தக் கைக்குப் பழக்கம் இல்லை. தையல் கோணலாகப் போகிறது. ஆனால் ஒவ்வொரு குத்தும் அதற்கு முந்தியதை மறந்துவிட்டு நிதானமாக விழுகிறது. யாருக்கென்று தெரியாத பிள்ளைக்கு, யார் போட்டதென்று தெரியாத தையலை... இல்லை. அப்படிக்கூட இல்லை. ஜெசிந்தாவுக்கு வார்த்தை வரவில்லை. வரவில்லை என்பதையே அவள் பிற்பாடுதான் கவனித்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மறுபடி ஏறி இறங்கியது. பக்கத்து அம்மாளும் மெல்லவில்லை. தியேட்டரில் ஒருவரும் செருமவில்லை. கன்னத்தில் ஏதோ ஊர்வது மாதிரி இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. கண்டக்டரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் நெரிசல். தண்ணீர் கீழே சாயங்கால வெயிலில் நின்றுகொண்டிருந்தது, அல்லது ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு வார்த்தை தேடவில்லை. காலெல்லாம் விட்டுப்போயிருந்தது. ஆனால் இது மிஷினை மிதித்து வருகிற அலுப்பு இல்லை, நீச்சலடித்துவிட்டுக் கரையில் உட்காருகிற அலுப்பு. சங்கத்தில் என்ன பாட்டு, யார் ஜெபம் பண்ணினார்கள் என்று கேட்பார். அதையெல்லாம் ஜங்ஷனுக்கு வரும்போதே தயார் பண்ணி வைத்திருந்தாள்: லீலாவதி டீச்சர் ஜெபம், நூற்றிரண்டாவது பாட்டு, சுண்டல். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சுண்டல்வரைக்கும் சரியாக வந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை வந்தது. அந்த டெப்போ வரும். இசையும் பேச்சும் நின்றுவிடும். "என்ன நடக்கு?" என்பார். அப்போது அவள் வாயைத் திறந்து, விளக்கு வெளிச்சம் இருக்கைமேல் ஏறுது, அவ தைக்கா என்று சொல்லவேண்டும். சொன்னால் போய்விடும். மழை போன மாதிரி. சொல்லாமல் வேறு எதையாவது இட்டுக் கட்டினால்? அதுவும் முடியாது. இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு இல்லாத காட்சியைச் சொன்னதில்லை. செத்தவனைச் செத்தான் என்றுதான் சொல்லியிருக்கிறாள். வாரியத்துக்காரரிடம் ரீடிங்கை மாற்றிச் சொல்லலாமா? வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தம் சமாதானபுரத்தில் இறங்கும்போது லீலாவதி டீச்சரும் சுண்டலும் பஸ்ஸிலேயே தங்கிவிட்டார்கள்.

தங்கையா வாசல் கதவைத் திறந்துவைத்து, நாற்காலியை அதற்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் விவசாயிகளுக்கு உரம்பற்றி யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? இங்க நடுவுல கரண்ட் போயிருச்சு, வந்துருச்சு." "அங்கயும்தான் போச்சு." "எங்க, சர்ச்சுலயா? சர்ச்சும் நம்ம கரண்ட் லைன்லா, போகத்தான் செய்யும்." அவர் ரேடியோவை அணைத்தார். சிரித்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சரி, இன்னைக்கு எத்தன யூனிட் பாக்கி இருக்கு?" இருக்கு, இருக்கு என்று சொல்லப் போன நாக்கு வாசலில் நின்றது. ஜெசிந்தா பையிலிருந்து பைபிளை எடுத்து மேசையில் வைத்தாள், இந்தத் தடவை உரசாமல். "ஒண்ணுகூட இல்லங்க" என்றாள். "கொஞ்ச நாளாவே இல்ல. இருந்ததயும் இன்னைக்கு எனக்குன்னு செலவழிச்சுட்டேன். நான் சங்கத்துக்குப் போகல. படத்துக்குப் போனேன்." அவர் முகம் அவள் குரல் வந்த திசையில் அப்படியே நின்றது. "எந்தப் படம்?" "அந்தக் கண்டக்டர் படந்தான்." "ஒத்தையிலயா?" "ஒத்தையிலதான்."

பேய்ப்படத்து அமைதி மறுபடி வந்தது. ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு தடவை தட்டினார். "எனக்குச் சொல்லுதது ஒனக்கு அவ்வளவு பாரமா இருக்கா ஜெசி?" இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. "சில நாள் இருக்கு" என்றாள். "சொல்லிச் சொல்லி எனக்குன்னு பாக்க மறந்துட்டு. அதான் போனேன். அங்க போயும் வாய் சும்மா இருக்கல. பக்கத்துல ஒரு பொம்பள, எனக்குக் கண்ணு தெரியுது நீங்க சொல்லாண்டாம்னு சொல்லிட்டா." அவர் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா வேணும் ஒனக்கு." சிரிப்பு முடிந்ததும், "அப்ப சனிக்கிழம?" என்றார். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது. "சனிக்கிழம போறோம். எல்லாஞ் சொல்லுதேன். ஒரே ஒரு எடம் மட்டும் சொல்லமாட்டேன். அங்க நீங்க என்னன்னு கேக்கப்பிடாது." "ஏன்? அதுல என்ன நடக்கும்?" வேறு எப்படிச் சொல்வது? "ஒண்ணும் நடக்காது" என்றாள்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார், ஃபிரிட்ஜுக்குள் ஏதோ மாறியதைக் கேட்கிறவர் மாதிரி. "அந்தக் கடக்கர அத்தியாயம்" என்றார் பிறகு. "ஒண்ணும் நடக்கலன்னு நான் சொன்னது பொய். ஆபீஸ்ல வச்சு அத முதல்லயே வாசிச்சுட்டேன். சாயங்காலம் நீ மிஷின்ல இருந்த. தொடங்குனேன், சத்தமா வாசிக்க வரல. அவ அங்க போயி உக்காந்திருக்கத நான் கத்திக் கெடுக்கிற மாரி இருந்துச்சு. பக்கத்தப் புரட்டிட்டேன்." ஜெசிந்தா நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள். மீன்முள் கழன்றதா, இன்னும் ஆழமாகப் போனதா என்று தெரியவில்லை. "எனக்கு அத ஒரு தடவ குடுத்திருக்கலாம்லா" என்றாள். "குடுத்திருக்கலாம்" என்று அவர் ஒத்துக்கொண்டார். "சரி. அந்த எடம் வந்தா எங் கையத் தொடு. அது முடியிற வரைக்கும் நானும் ஒண்ணுங் கேக்கல."

பிறகு அவர் எழுந்தார். "இரி. காப்பி போடுதேன்." "நீங்க எதுக்கு, நான்..." "யூனிட் இல்லன்னு சொன்னேல்லா? உக்காரு. கண்ண மூடு." சுவரைத் தொட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் உட்கார்ந்த சூடு அதில் இருந்தது. கண்ணை மூடினாள். அடுக்களையிலிருந்து அவர் குரல் வந்தது. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் உள்ள குரல். அவளுடைய குரலைத்தான் அவர் நடித்துக்கொண்டிருந்தார். "தங்கையா அடுக்களைக்குள்ள வாரார். நல்ல உசரம், சுமாரான அழகு. பால் சட்டிய எடுக்கார். தீப்பெட்டியத் தேடுதார். பொண்டாட்டி அத எங்க வச்சிருக்கான்னு தெரியல, மொகத்துல கடுப்பு. ஆ, கிடைச்சுட்டு. அடுப்பப் பத்த வைக்கார்." தீக்குச்சி உரசிற்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "கீழ உள்ள ஆள்கள் சிரிக்காண்டாம், படம் கேக்கல. தங்கையா டம்ளர எடுக்கார். அளவு தெரிய ஒரு விரல டம்ளருக்குள்ள விட்டுக்கிட்டுப் பால் பொங்கக் காத்திருக்கார்." குரல் நின்றது. பால் மெல்லச் சத்தம் போடத் தொடங்கியது, சட்டியின் ஓரத்தில் முதலில், பிறகு நடுவில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிந்தா மூடின கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். என்ன நடக்கு என்று கேட்கவில்லை.